எழுபத்தொரு வயதில் புதிதாக ஒன்றைக் கற்க முடியுமா? அப்பாவுக்காகக் கேட்கிறேன்

நொய்யல்கரை (இழையைத் தொடங்கியவர்) · ஞாயிறு, இரவு 9.15

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரிலிருந்து எழுதுகிறேன். பெற்றோர் காங்கேயத்துக்குப் பக்கத்தில் தோட்டத்துச் சாளையில் இருக்கிறார்கள். அப்பாவுக்கு வயது 71. சென்ற ஆண்டு முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டார். இப்போது நன்றாகவே நடக்கிறார். ஆனால் பண்ணையத்தைத் தம்பி ஏற்றுக்கொண்டுவிட்டான். "இனி நீங்கள் எதையும் பார்க்க வேண்டாம், நிம்மதியாக உட்காருங்கள்" என்று நாங்கள் எல்லோரும் சேர்ந்துதான் சொன்னோம். கட்டுத்தரையில் நின்ற இரண்டு மாடுகளையும் விற்றாயிற்று. அன்றிலிருந்து அப்பா உட்கார்ந்துவிட்டார்.

காலையில் வேப்பமரத்தடிக் கட்டில், வெயில் ஏறினால் திண்ணை, சாயங்காலம் மறுபடியும் வேப்பமரம். முன்பெல்லாம் மாட்டுச் சந்தைக்குப் போய்விட்டு வந்தால் எந்தக் காளை என்ன விலைக்குப் போயிற்று, எதற்குச் சுழி சரியில்லை என்று அரை நாள் பேசுவார். இப்போது கேட்டால் பதில் வருகிறது, அவ்வளவுதான்.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். கைபேசியில் ஒரு படத்தை எப்படி அனுப்புவது என்று என் மகனிடம் கேட்டார். அவன் "கொடுங்கள் அப்புச்சி" என்று வாங்கி, இரண்டு நொடியில் அனுப்பிவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். அப்பா திரையைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு மடியில் செருகிக்கொண்டார். அதன்பின் நான் இருந்த இரண்டு நாளும் அவர் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை.

ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். செய்தித்தாளைத் தடையின்றிப் படிப்பார். இந்த வயதில் புதிதாகக் கற்பது நடக்கக்கூடியதா? நடக்கும் என்றால் எதில் தொடங்குவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

அந்தியூரான் · ஞாயிறு, இரவு 10.02

சகோதரி, வருத்தப்படாதீர்கள். ஐம்பது வருடம் மண்ணோடு மல்லுக்கட்டிய மனிதர். உட்காரட்டுமே. ஓய்வு என்பதும் அவர் சம்பாதித்த சொத்துதான். என் அப்பாவுக்கு 76. "நடங்கள், நடங்கள்" என்று நாங்கள் நச்சரித்ததால் விடியற்காலையில் நடக்கப் போனார். வாய்க்கால் மேட்டில் சறுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. நான்கு மாதம் படுக்கை. அதிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் அவரை எதற்கும் தூண்டுவதில்லை.

கைபேசி விஷயத்திலும் கவனம் தேவை. என் பெரியப்பா ஆர்வமாகக் கற்றுக்கொண்டார். ஆறு மாதம் கழித்துக் காவல்துறை அதிகாரி போல ஒருவன் காணொளி அழைப்பில் வந்து, "உங்களை டிஜிட்டல் முறையில் கைது செய்திருக்கிறோம்" என்று மிரட்டினான். மஞ்சள் விற்ற பணம் முழுவதும் போயிற்று. அவர் இன்னும் அதிலிருந்து மீளவில்லை.

கோபி ஆசிரியர் · திங்கள், காலை 6.40

அம்மணி, நான் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், வயது 72. நடக்கக்கூடியதா என்று கேட்டீர்கள். ஐந்து ஆண்டுகளாக என் கண்ணெதிரே நடந்துகொண்டிருப்பதைச் சொல்கிறேன்.

சத்தியமங்கலம் சாலையில் உள்ள எங்கள் ஊரில், கோயிலை ஒட்டிய மண்டபத்தில், பகல் மூன்று மணிக்குக் கூடுகிறோம். நான்கரைக்கு முடித்துவிட வேண்டும், ஏனென்றால் அதன்பின் பால் கறக்கும் நேரம். முதல் வருடம் அறியாமல் மாலை ஆறு மணிக்கு வைத்தேன். இரண்டு பேர் வந்தார்கள். பாட நேரத்தைச் சொசைட்டிப் பால் வண்டிக்கு ஏற்ப மாற்றிய பிறகுதான் பதினான்கு பேர் ஆனார்கள். பங்குனியில் பண்ணாரி அம்மன் கோயில் குண்டம் திருவிழா வந்தால் பத்து நாள் யாரும் வரமாட்டார்கள். அதையும் விடுமுறையாகவே கணக்கு வைத்துவிட்டேன்.

ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயது 67. பள்ளிக்கூடத்து வாசலையே மிதிக்காதவர். "எதற்காகப் படிக்க விரும்புகிறீர்கள்?" என்று கேட்டேன். "பஸ் போர்டு தெரிய வேண்டும்" என்றார். ஒருமுறை சத்தி பேருந்து நிலையத்தில், பேரன் சொல்லிக் கொடுத்தபடி முதல் எழுத்தை மட்டும் அடையாளம் பார்த்து ஏறியிருக்கிறார். அவர் போக வேண்டியது கோபிக்கு. ஏறியது கோவை பஸ். இரண்டும் 'கோ'வில்தானே தொடங்குகின்றன! புளியம்பட்டி வந்த பிறகுதான் தெரிந்திருக்கிறது. நடத்துநர் எல்லார் முன்னாலும் சத்தம் போட்டிருக்கிறார். அந்த அவமானம் எட்டு வருடமாக அவர் நெஞ்சில் இருந்திருக்கிறது.

நான் அவருக்கு 'அ, ஆ' சொல்லித் தரவில்லை. கரும்பலகையில் 'கோபி', 'கோவை' இரண்டையும் எழுதி, இரண்டாம் எழுத்தை வட்டமிட்டேன். 'பி'யும் 'வை'யும்தான் அவருடைய முதல் பாடம். மூன்றாம் நாள் 'கோவில்' என்று எழுதிக் காட்டினேன். "கோ தெரிகிறது, இதில் வ இருக்கிறது, ஆனால் வை இல்லை, வி" என்று விரலை வைத்துச் சொன்னார். அந்த விரல் நடுங்கியது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. முப்பத்தாறு வருடம் குழந்தைகளுக்குப் பாடம் எடுத்தவன் நான். அன்று பெற்ற நிறைவு தனி.

முதியவருக்குக் கற்பிப்பது குழந்தைக்குக் கற்பிப்பது போல அல்ல. குழந்தை ஏன் என்று கேட்காமல் படிக்கும். பெரியவருக்கு 'இன்று எனக்கு இது எதற்கு' என்பது முதலில் தெரிய வேண்டும். என்ன கற்கலாம் என்று எங்களைக் கேட்டு, அதை உங்கள் அப்பாவிடம் சொல்லாதீர்கள். அவருக்கு எந்த 'கோவை பஸ்' தொல்லை தருகிறது என்று கண்டுபிடியுங்கள்.

கோபி ஆசிரியர் · திங்கள், காலை 6.58

எழுத விட்டதை இங்கே சேர்க்கிறேன். இது நம் ஊர் மண்டபத்தில் மட்டும் நடப்பதல்ல. பிரான்ஸ் நாட்டுத் துலூஸ் நகரில் 1973ஆம் ஆண்டிலேயே 'மூன்றாம் பருவப் பல்கலைக்கழகம்' என்று முதியவர்களுக்காகவே தொடங்கினார்கள். 1982இல் இங்கிலாந்தில் அதை இன்னும் எளிமையாக்கினார்கள். தேர்வு இல்லை, பட்டம் இல்லை, சம்பள ஆசிரியர் இல்லை. தெரிந்த முதியவர் தெரியாத முதியவருக்குச் சொல்லித் தருவார், அடுத்த வாரம் அவரே மாணவராக உட்காருவார். நம் திண்ணைகளில் நடந்ததும் இதுதான். நாம் அதற்குப் பெயர் வைக்கவில்லை.

படிப்பறிவே இல்லாதவர்களுக்கு 2022 முதல் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் இருக்கிறது. 15 வயதுக்கு மேல் யார் வேண்டுமானாலும் சேரலாம், உச்ச வயது கிடையாது. 1990களின் தொடக்கத்தில் வயது வந்தோருக்கு எழுத்துச் சொல்லித் தந்த அறிவொளி இயக்கத்தைப் பார்த்தவர்களுக்கு இதன் முறை புதிதல்ல.

சென்னிமலைத் தறி · திங்கள், மதியம் 1.30

எல்லாரும் நல்லதைத்தான் சொல்கிறீர்கள். ஆனால் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. 'சுறுசுறுப்பான முதுமை' என்று இப்போது எல்லாரும் பேசுகிறார்களே, அந்த முதுமை யாருடையது?

என் அப்பாவுக்கு 73. இன்றைக்கும் காலை ஆறு மணிக்குத் தறிக்குழியில் கால் வைக்கிறார். மிதி மிதித்து, நாடா தள்ளி, ஒரு போர்வை இறங்கினால்தான் கூலி. பக்கத்தில் அம்மா தறிக்கு நூல் தார் சுற்றுகிறார், அவருக்கு 68. அவர்களுக்கு வேண்டியது ஓய்வு. முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய். அதை வைத்து ஒருவர் தறியிலிருந்து எழுந்துவிட முடியுமா? தோட்டமும் மகனும் உள்ளவர் கட்டிலில் உட்கார்ந்திருப்பது உங்களுக்குக் கவலை. எங்கள் தெருவில் உட்கார முடியாததுதான் கவலை.

கோபப்பட்டு எழுதியதாக நினைக்க வேண்டாம். ஆனால் இதைச் சொல்லாமல் இந்த இழை முழுமை ஆகாது.

கோபி ஆசிரியர் · திங்கள், மதியம் 2.20

தம்பி, நீங்கள் சொன்னது நியாயம். 2002இல் உலக சுகாதார நிறுவனம் சுறுசுறுப்பான முதுமை என்பதற்கு ஒரு கொள்கைச் சட்டகம் வெளியிட்டது. அதில் தூண்கள் மூன்று: உடல்நலம், பங்கேற்பு, பாதுகாப்பு. வாழ்நாள் முழுதும் கற்பது என்பதைப் பின்னால்தான் நான்காவது தூணாகச் சேர்த்தார்கள். சோற்றுக்கும் மருந்துக்கும் உறுதி இல்லாதவரிடம் போய் 'வகுப்புக்கு வாருங்கள்' என்பது நான்காவது தூணை மட்டும் நட்டுவிட்டுக் கூரை போடுவது போல.

ஒன்று கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்பாவுக்குத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஏதாவது ஏக்கம் உண்டா?

சென்னிமலைத் தறி · திங்கள், இரவு 8.45

வேலை முடிந்து வந்ததும் அப்பாவிடம் உங்கள் கேள்வியைக் கேட்டேன். உடனே சொன்னார். யோசிக்கக்கூட இல்லை.

கூலி இப்போது வங்கிக் கணக்கில் வருகிறது. கைபேசிக்குக் குறுஞ்செய்தி வரும், ஆங்கிலத்தில். அதை எடுத்துக்கொண்டு என்னிடமோ பக்கத்து வீட்டுப் பெண்ணிடமோ போய், "பணம் ஏறிவிட்டதா பார், கண்ணு" என்று கேட்கிறார். நாற்பது வருடம் கூலியைக் கையில் வாங்கி எண்ணியவர். "என் கூலி வந்ததா இல்லையா என்று நான் பிள்ளைகளிடம் போய் நிற்கிறேன்" என்றார். அதில் எண்ணை மட்டும் படிக்கத் தெரிந்தால் போதும் என்றார். எண் அவருக்குத் தெரியும். வரவு எது, பற்று எது, மீதி எது என்றுதான் தெரியவில்லை.

நான் தினமும் அதைப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தேனே தவிர, எந்த வரியில் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் காட்டியதில்லை. இன்று இரவு மூன்று பழைய செய்திகளைத் தாளில் பெரிதாக எழுதி, மீதித் தொகையைச் சிவப்பு மையில் சுழித்துக் காட்டினேன். நான்காவதை அவரே காட்டினார்.

செவிலி, கோவை · செவ்வாய், காலை 7.10

முதியோர் பராமரிப்பில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். இந்த வயதில் புதிதாகக் கற்க மூளை இடம் கொடுக்குமா என்பதற்கு என்னால் இயன்ற பதில்.

வயதாகும்போது வேகம் குறையும். ஒரு பெயர் நினைவுக்கு வரச் சற்று நேரமாகும், ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்வது கடினமாகும். ஆனால் சொல்வளமும் பட்டறிவும் எளிதில் தேய்வதில்லை, எழுபதிலும் பலருக்கு உறுதியாக இருக்கும். கற்கும் ஆற்றலும் நின்றுவிடுவதில்லை. மெதுவாகக் கற்பதைப் பார்த்துவிட்டு 'கற்கவே முடியாது' என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம்.

அமெரிக்காவின் டல்லாஸ் பகுதியில் நடந்த ஓர் ஆய்வு 2014இல் வெளியானது. 60 முதல் 90 வயது வரையுள்ள 221 பேர். சிலருக்குத் துணித்துண்டுகளை இணைத்து மெத்தை விரிப்புத் தைப்பதைக் கற்றுக் கொடுத்தார்கள். சிலருக்கு டிஜிட்டல் கேமராவில் படம் எடுத்துக் கணினியில் திருத்துவது. சிலருக்கு இரண்டும். வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம் போல, மூன்று மாதம். இன்னொரு குழு கூடிப் பேசிச் சிரித்து ஊர் சுற்றியது. வேறொரு குழு வீட்டில் பாட்டுக் கேட்டது, குறுக்கெழுத்துப் போட்டது. முடிவில் நினைவாற்றல் கூடியது புதிதாக, கொஞ்சம் கடினமாக ஒன்றைக் கற்றவர்களுக்குத்தான். கூடிப் பேசுவது நல்லது, ஆனால் அதோடு நின்றால் இந்தப் பலன் கிடைக்கவில்லை. தெரிந்ததையே திரும்பச் செய்வதற்கும் தெரியாததோடு போராடுவதற்கும் உள்ள வித்தியாசம் இது. இதனால் மறதிநோய் வராது என்று யாராவது உறுதி சொன்னால் நம்ப வேண்டாம். ஆய்வு அப்படிச் சொல்லவில்லை.

இனி நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. கற்க வைப்பதற்கு முன் கண்ணையும் காதையும் பாருங்கள். மறதிநோய் பற்றி லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் தந்த அறிக்கையில், நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சொல்கிறார்கள். காது கேளாமை, சரிசெய்யாத கண்பார்வைக் குறை, தனிமை, உடல் உழைப்பு இல்லாமை எல்லாம் அதில் உண்டு. 'அப்பா பேச்சைக் குறைத்துக்கொண்டார்' என்று அழைத்து வருவார்கள். பரிசோதித்தால் பாதிப் பேச்சு அவர் காதிலேயே விழுந்திருக்காது. 'எதிலும் ஆர்வம் இல்லை' என்பார்கள், இரண்டு கண்ணிலும் புரை இருக்கும். சகோதரி, உங்கள் அப்பா கடைசியாகக் காது பரிசோதனை செய்துகொண்டது எப்போது? மூட்டு அறுவைக்குப் பிறகு மனச்சோர்வும் சிலருக்கு வருகிறது. பசி, தூக்கம் எப்படி என்று பாருங்கள். அதில் மாற்றம் இருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

அந்தியூர் அண்ணாவுக்கு: உங்கள் அப்பா விழுந்தது இருட்டில், மேட்டில். நடந்ததால் விழவில்லை, நடந்த இடத்தால் விழுந்தார். நான்கு மாதப் படுக்கைக்குப் பிறகு அசையாமலே இருந்தால் தசை இன்னும் இளைக்கும், அடுத்த முறை வீட்டுக்குள்ளேயே விழுவார். ஒரு இயன்முறை மருத்துவரைப் பார்த்து, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்காரும் பயிற்சியிலிருந்து தொடங்குங்கள்.

கும்மிக்காரி, அவினாசி · செவ்வாய், இரவு 9.30

வள்ளி, முருகன் கதையைப் பாடி ஆடும் வள்ளி கும்மியை நான் 64 வயதில் கற்றவள். மேடையில் இருப்பவர்களைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்த ஆள்தான் நானும். பேத்தியைப் பயிற்சிக்குக் கொண்டுபோய் விட்டேன். ஆசிரியர், "அம்மா, நீங்களும் நில்லுங்கள்" என்றார். வெட்கமாக இருந்தது. கடைசி வரிசையில் நின்றேன்.

முதல் மாதம் அழுகைதான். பாட்டு வந்தால் கால் வராது. கால் வந்தால் கை தப்பும். எல்லாரும் குனிந்து வலப்பக்கம் திரும்பும்போது நான் இடப்பக்கம் திரும்பி, எதிரே வருபவர் மேல் இடித்துக்கொள்வேன். வீட்டில் மாவு ஆட்டும்போது, துணி காயப் போடும்போது, அடவைச் சொல்லிக்கொண்டே காலை வைத்துப் பார்ப்பேன். பேத்தி இரண்டு நாளில் பிடித்ததை நான் பதினைந்து நாளில் பிடித்தேன். ஆனால் ஒன்று. பாட்டின் பொருள் அவளுக்குத் தெரியவில்லை. தினைப்புனம் என்றால் என்ன, கவண் எறிவது எப்படி, ஆலோலம் என்று ஏன் கூவினார்கள் என்று நான்தான் சொன்னேன். என் அமத்தா (அம்மாவின் அம்மா) சோளக்காட்டில் பரண் மேல் நின்று கிளி ஓட்டியதை நான் பார்த்திருக்கிறேன். அவள் எனக்குக் காலைத் திருத்தினாள், நான் அவளுக்குப் பாட்டைத் திருத்தினேன். எங்கள் இருவருக்கும் இடையே அதற்கு முன் இவ்வளவு பேச்சு இருந்ததில்லை.

அரங்கேற்றத்தன்று மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஆடினோம். கால் வலித்தது. மறுநாளும் வலித்தது. எனக்கு அது சந்தோஷமான வலி.

வள்ளி ஒயில் கும்மிக் கலைஞர் பத்திரப்பன் ஐயா 87 வயதில், 2024இல், பத்மஸ்ரீ பெற்றார். அவர் மேட்டுப்பாளையம் பக்கம். அதே வட்டாரத்துத் தேக்கம்பட்டிப் பாப்பம்மாள் பாட்டி நூறு வயதைத் தாண்டியும் இயற்கை விவசாயம் செய்து 2021இல் பத்மஸ்ரீ பெற்றவர். கோவை நானம்மாள் பாட்டி தொண்ணூறு கடந்தும் யோகாசனம் சொல்லித் தந்தார். அவருக்கு 2018இல் கிடைத்தது. இவர்கள் நம் மண்ணுக்குப் பெருமை. ஆனால் சகோதரி, இவர்களைக் காட்டி "பாருங்கள், அவரால் முடிகிறது" என்று உங்கள் அப்பாவிடம் ஒருநாளும் சொல்லிவிடாதீர்கள். என் மகன் எனக்கு அப்படி ஒரு காணொளியைக் காட்டினான். எனக்கு ஊக்கம் வரவில்லை, என் மேல் எனக்கே வெறுப்புதான் வந்தது. கடைசி வரிசையில் நிற்க இடம் கொடுத்தால் போதும்.

பொள்ளாச்சித் தென்னை · புதன், காலை 5.50

வயது 74. இந்த இழையிலேயே மூத்தவன் நானாகத்தான் இருப்பேன் என்று நினைக்கிறேன். இதைத் தட்டச்சு செய்வது நானே. தமிழ்99 விசைப்பலகை முறை. உயிரெழுத்து இடக்கைக்கு, மெய்யெழுத்து வலக்கைக்கு. எழுபதாவது வயதில் கற்றேன். முதல் வாரம் என் பெயரை அடிக்கக் கால் மணி நேரம். இப்போது இந்தப் பத்தியை அடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்துக்கொண்டுதான் அடிக்கிறேன்: ஆறு நிமிடம்.

கற்றதால் எனக்குக் கிடைத்தது, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். கைக்கு எட்டாத பழைய புத்தகங்கள் அங்கே கிடைக்கின்றன, எழுத்தை வேண்டிய அளவு பெரிதாக்கிக்கொள்ளலாம். இரவு தூக்கம் வராத நேரத்துக்கு அதைவிட நல்ல துணை இல்லை.

அந்தியூர்த் தம்பிக்கு ஒரு சொல். உங்கள் பெரியப்பாவுக்கு நடந்தது கொடுமை. அவர் மேல் தவறு இல்லை, அதை அவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். 'டிஜிட்டல் கைது' என்று சட்டத்தில் ஒன்றுமே கிடையாது. காணொளி அழைப்பில் யாரையும் கைது செய்ய முடியாது. இப்படி நடந்தால் நேரம் கடத்தாமல் 1930 என்ற எண்ணுக்குப் புகார் சொல்ல வேண்டும். ஆனால் பயந்துபோய்க் கைபேசியையே பிடுங்கிவிடுவது மருந்தல்ல. எங்கள் வீட்டில் ஒரு பயிற்சி செய்கிறோம். பேத்தி வேறு எண்ணிலிருந்து அழைத்து, வங்கி அதிகாரி போலவும் போலீஸ் போலவும் மிரட்டுவாள். நான் "என் மகனிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லித் துண்டிக்க வேண்டும். முதல் முறை அவள் என்று தெரிந்தும் என் கை நடுங்கியது. மரியாதையாகப் பேசுகிறவரின் அழைப்பைப் பாதியில் துண்டிப்பது எங்கள் தலைமுறைக்கு வராது, தம்பி. அதுதான் அந்தத் திருடர்களுக்கு வசதி. மூன்றாவது முறை எனக்குப் பழகிவிட்டது. சென்ற மார்கழியில் உண்மையான திருடனே அழைத்தான். துண்டித்துவிட்டேன்.

முதியோருக்கு வேறு உதவி தேவைப்பட்டால் 14567 என்ற எண் இருக்கிறது. கட்டணம் இல்லை.

அந்தியூரான் · புதன், இரவு 9.12

ஐயா, நன்றி. பெரியப்பாவிடம் நீங்கள் சொன்னபடியே "உங்கள் மேல் தவறில்லை" என்று சொன்னேன். அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். ஒன்றரை வருடமாக எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்காமல் இருந்ததே அவருக்குத் தண்டனையாக இருந்திருக்கிறது போலும்.

அப்பாவைப் பற்றி இன்னும் எனக்குப் பயம்தான். ஆனால் செவிலி அம்மா சொன்ன நாற்காலிப் பயிற்சியைக் கேட்டுப் பார்க்கிறேன்.

நொய்யல்கரை · அடுத்த மாதம், ஞாயிறு, இரவு 8.30

எல்லோருக்கும் நன்றி சொல்ல வந்திருக்கிறேன். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னியுங்கள். எழுதும்படி ஏதாவது நடக்கட்டும் என்று காத்திருந்தேன்.

முதலில் காது. கோவையில் பரிசோதித்தோம். வலக்காது நன்றாக இருக்கிறது, இடக்காதில் கேட்கும் திறன் பெரிதும் குறைந்திருக்கிறது. திண்ணையில் அவர் எப்போதும் உட்காரும் இடத்தில் எங்களுக்கெல்லாம் இடக்காதுதான் வாய்த்தது! கருவி வாங்கியிருக்கிறோம். அது இன்னும் பழகவில்லை, பாத்திரச் சத்தம் தலைக்குள் இடிக்கிறது என்கிறார். நாங்கள் இடம் மாறி உட்காரத் தொடங்கிவிட்டோம்.

அடுத்து, ஆசிரியர் ஐயா சொன்ன 'கோவை பஸ்'. அது என்னவென்று நான் கேட்கவில்லை, அம்மா சொன்னார். தம்பி மோட்டாருக்குக் கைபேசியில் இயங்கும் ஸ்டார்ட்டர் மாட்டியிருக்கிறான். மும்முனை மின்சாரம் வந்தால் பெட்டியிலிருந்து தம்பியின் எண்ணுக்கு அழைப்பு வரும், அவன் எங்கிருந்தாலும் மோட்டாரை ஓட விடுவான். நாற்பது வருடம் நடுராத்திரியில் டார்ச் லைட்டோடு கிணற்று மேட்டுக்குப் போய் மோட்டார் போட்டவர் அப்பா. இப்போது கட்டிலில் படுத்தபடி மோட்டார் ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். யார் போட்டது, எப்போது நிற்கும், தண்ணீர் எந்தப் பாத்திக்குப் போகிறது, ஒன்றும் தெரியாது. "தன் தோட்டத்துத் தண்ணீரே தன் பேச்சைக் கேட்கவில்லை என்று நினைக்கிறார்" என்றார் அம்மா.

தம்பியிடம் பேசினேன். அவனுக்கு முதலில் தயக்கம். மாற்றி அழுத்தி மோட்டார் எரிந்துபோனால் செலவு அவன் தலையில். பிறகு சம்மதித்து, அப்பாவின் எண்ணையும் அந்தப் பெட்டியில் சேர்த்தான். நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். சொல்லிக் கொடுக்கும்போது யாரும் அப்பாவின் கையிலிருந்து கைபேசியை வாங்கக் கூடாது. என் மகனைக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கச் சொன்னேன். அவனும் அப்படியே நின்றான்.

அப்பா பள்ளிக்கூட நோட்டு ஒன்றை எடுத்துவரச் சொன்னார். பென்சிலால் தானே எழுதிக்கொண்டார்: "ஓட 1. நிற்க 2. கரண்ட் கேட்க 3." அதன் கீழே கோடு போட்டு, "அவசரப்படக் கூடாது, குரல் முடிந்த பின் அழுத்த வேண்டும்" என்று எழுதினார். முதல் நாள் நான்கு முறை தவறியது. குரல் பேசி முடிப்பதற்குள் அழுத்திவிடுவார், அல்லது திரை அணைந்துவிடும். என் மகன் இரண்டு முறை கையை எடுத்தான், நான் பார்த்ததும் மறுபடி கட்டிக்கொண்டான். ஐந்தாவது முறை கிணற்றுப் பக்கமிருந்து மோட்டார் சத்தம் கேட்டது. வலக்காதைத் திருப்பிக் கேட்டார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு வாய்க்காலைப் பார்க்க நடந்தார். மூட்டு அறுவைக்குப் பிறகு யாரும் சொல்லாமல் அவர் அவ்வளவு தூரம் நடந்தது அன்றுதான்.

இப்போது இரவு மின்சாரம் வரும் முறையில் மோட்டார் அப்பாவின் பொறுப்பு. தம்பி தூங்குகிறான். எத்தனை மணிக்கு ஓடியது, எத்தனை மணிக்கு நின்றது, எந்த வயல் என்று நோட்டில் தேதி போட்டு எழுதுகிறார். போன வாரம் அதைப் பார்த்துத்தான் கிழக்குக் காட்டுக் குழாயில் தண்ணீர் கசிகிறது என்று கண்டுபிடித்தோம். ஓடிய நேரத்துக்குப் பாத்தி நனையவில்லை என்று அவர் எழுதியிருந்தார்.

கும்மி அம்மா, நீங்கள் சொன்னது எங்கள் வீட்டிலும் நடக்கிறது. அப்பா கொறங்காட்டில் (மேய்ச்சல் நிலத்தில்) நடக்கும்போது என் மகனும் கூடப் போகிறான். வேலியில் இருப்பது கிளுவை, நடுவில் நிற்பது வெள்வேல், மாடு விரும்பித் தின்பது கொழுக்கட்டைப் புல் என்று சொல்லச் சொல்ல அவன் படம் எடுத்து ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதுகிறான். இதுவரை பத்தொன்பது செடிகள் ஆகியிருக்கின்றன. அதில் ஆறுக்கு அப்பா சொல்லும் பெயர் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்கிறோம்.

மறுபடி கட்டுத்தரையில் ஒரு கன்றாவது வேண்டும் என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார். தம்பிக்கும் அவருக்கும் அதில் வாக்குவாதம் நடக்கிறது. இத்தனை மாதம் கழித்து வீட்டில் வாக்குவாதம் கேட்பது அம்மாவுக்குப் பெரிய ஆறுதல்.

பொள்ளாச்சி ஐயாவுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் பதிவை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "அந்த ஆள் எந்த விரலால் அடிக்கிறார் என்று கேள்" என்கிறார். ஒற்றை விரலா, பத்து விரலுமா?

பொள்ளாச்சித் தென்னை · ஞாயிறு, இரவு 8.52

ஒன்பது. இடக்கைச் சுண்டுவிரல் இளம் வயதில் தேங்காய் உரிக்கும்போது போயிற்று. அப்பாவை நாளைக் காலை பத்து மணிக்குக் கைபேசியோடு நிழலில் உட்காரச் சொல்லுங்கள், அம்மணி. நானே அழைக்கிறேன். வலக்காதில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.